வானொலியில் பாட்டுக்கு மட்டும் அனுமதி

தனியார் பண்பலை வானொலிகள் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று மத்திய அரசு 2011-இல் வகுத்த மூன்றாம் கட்டக் கொள்கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. இலக்கியம் படிப்பவர்கள் அதை ஒருமுறையேனும் படித்துவிட வேண்டும். அரசாங்க உரைநடையில் இத்தனை அங்கதம் அரிதாகவே கிடைக்கும். செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஓர் எழுத்தும் மாறாமல் மறுஒலிபரப்பு செய்துகொள்ளலாம். இவை போக, சில விஷயங்கள் 'செய்தி அல்லாதவை' என்று கருதப்பட்டு அனுமதிக்கப்படும். விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு நிகழ்ச்சி, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு. அத்துடன் மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், உடல்நல எச்சரிக்கை ஆகியவை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள்.

அந்தக் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள். மின்சாரம் மாலை ஆறு மணிக்கு வரும் என்று அறிவிப்பாளர் சொல்லலாம். நேற்றும் ஆறு மணி என்றுதானே சொன்னீர்கள் என்று ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டுவிட்டால் அது நடப்பு அரசியல். தண்ணீர் வராத தெருக்களின் பெயரை வாசிக்கலாம். ஏன் வரவில்லை என்பது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தத் தடையை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட காரணமே பாதுகாப்புதான். இத்தனை நிலையங்களின் செய்தியைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லையாம். கண்காணிக்க முடியாததால் பேசக்கூடாது என்ற இந்தத் தருக்கத்தைத் தேநீர்க் கடைகளுக்கும் நீட்டித்தால் நாடு அமைதியாகிவிடும்.

இதைப் புதுச்சேரியில் இருந்துகொண்டு படிக்கும்போது வேறொரு கசப்பும் சேர்ந்துகொள்கிறது. 1908-இல் சென்னையில் நடத்த முடியாமல் போன 'இந்தியா' பத்திரிகை எங்கே வந்து அச்சேறியது என்பது இவ்விதழ்களைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பாரதியும் மண்டயம் சகோதரர்களும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது கடற்காற்றுக்காக அல்ல. எல்லைக்கு அப்பால் சொல்ல முடியாததை எல்லைக்கு இப்பால் சொல்ல முடிந்தது. 1910-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழைவதைத் தடுத்துத்தான் அதை முடக்க முடிந்தது. 1934-இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கியதும் இதே மண்ணில். தாளைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைக்கலாம். வானொலி அலையை எந்தச் சாவடியிலும் பிடிக்க முடியாது. ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு என்று கிழிபட்டுக் கிடக்கும் எங்கள் நிலப்பரப்புக்கு வானொலியைப் போலப் பொருத்தமான ஊடகம் வேறில்லை. கடலூரிலும் விழுப்புரத்திலும் கேட்கிறது. ஆனால் என்ன கேட்கிறது? பாட்டு. பாட்டுக்கு நடுவே சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே நகைக்கடை.

அறிவிப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கில், சொல்லத்தக்கது எதையும் சொல்லாமல் பேசிக்கொண்டே இருப்பது சாதாரணத் திறமை அன்று. அந்தத் திறமையை வளர்த்தெடுத்தது சட்டம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கே ஒலிபரப்பும் சூரியன் எஃப்.எம். சன் குழுமத்தைச் சேர்ந்தது, ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. இரு குழுமங்களுக்கும் நாளிதழ் உண்டு, செய்தித் தொலைக்காட்சி உண்டு. காலையில் தாளில் அச்சிடும் தலைப்பை, இரவில் தொலைக்காட்சியில் நான்கு பேரை உட்கார வைத்துக் கத்தவிடும் தலைப்பை, தங்கள் வானொலியில் மட்டும் வாய்விட்டுப் படிக்க முடியாது. படத்தோடு சேர்ந்த ஒலி தொழில். படத்திலிருந்து பிரிந்த ஒலி அபாயம்.

பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' சமுதாய வானொலியின் கதையும் இதுவே. 2006-இல் சமுதாய வானொலிக் கொள்கை விரிவாக்கப்பட்டபோது தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. செய்திக்கு மட்டும் திறக்கவில்லை. இதழியல் சொல்லித்தரும் துறை இருக்கும் வளாகத்தில், தங்கள் வளாக வாசலில் நடப்பதைத் தங்கள் வானொலியில் செய்தியாகச் சொல்ல மாணவர்களுக்கு உரிமை இல்லை. நீச்சல் பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவது என்பார்களே, அது.

தமிழர்களுக்குக் காது வழியாக அரசியல் கேட்கும் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாமா? நூறாண்டாக நாம் அரசியலைப் படித்ததைவிடக் கேட்டதே அதிகம். படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவரும் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் குறுக்கே பேசினார்கள். நடுநிசி வரை நடந்த பொதுக்கூட்டங்களில் கடைசிப் பேச்சாளருக்காகக் குழந்தைகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தீப்பொறி ஆறுமுகத்தின் பேச்சும் வெற்றிகொண்டானின் பேச்சும் ஒலிநாடாக்களாக ஊர் ஊராகச் சுற்றின. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்த மேடைத்தமிழ் பற்றி ஒரு நூலே எழுதி 2009-இல் வெளியிட்டார். இத்தகைய சமூகத்தில், 1967-இல் மேடைப்பேச்சுக்காரர்கள் தமிழகத்தில் ஆட்சிக்கு வந்தார்கள். அதே 1967-இல் புதுச்சேரி வானொலி நிலையமும் தொடங்கியது. அந்த மேடையும் இந்த ஒலிவாங்கியும் ஒரே காலத்தில், ஒரே மொழியில், பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அரசியல் பேச்சு வானொலியின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்று கேட்டால் எங்களுக்குத் தெரிந்த பதில் எளியது. கை வேலையில் இருக்கிறது, காது காலியாக இருக்கிறது. தையல் இயந்திரத்தின் முன், இஸ்திரிப் பெட்டியின் முன், அடுப்பின் முன், ஆட்டோவின் கைப்பிடியில், வலை பின்னும் திண்ணையில். இந்த வேலைகள் எதிலும் கண்ணைத் திரைக்குக் கொடுக்க இயலாது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே குரல் வந்து, நமக்கு எரிச்சலூட்டும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, தனியாக எரிந்துகொண்டிருந்தவர் தனியாள் அல்லர் என்று தெரிகிறது. அதைவிட முக்கியமானது, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அழைத்து அந்தக் குரலை மறுத்துப் பேசக் கேட்பது. தேநீர்க் கடையின் பெஞ்சில் நடப்பதும் இதேதான். ஒருவர் வாசிப்பார், ஒருவர் எதிர்ப்பார், மூன்றாமவர் இருவரையும் கிண்டல் செய்வார். பெஞ்சில் இடம் கிடைக்காதவர்களுக்கு, குறிப்பாக அந்தப் பெஞ்சில் ஒருநாளும் உட்கார விடப்படாத பெண்களுக்கு, வானொலி அந்தப் பெஞ்சாக இருந்திருக்க முடியும்.

அந்தப் பசி எப்படித் தீர்ந்தது? கடலுக்கு அப்பாலிருந்து தீர்ந்தது. ஐம்பதுகளில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டியபோது, இந்தக் கரையெங்கும் முள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. அரசியலுக்கும் அப்படியே. ஈழத்தில் என்ன நடக்கிறது என்று அறிய, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே எத்தனை வீடுகளில் பிபிசி தமிழோசைக்காக இரவு உணவு தள்ளிப்போயிருக்கும்! லண்டனிலிருந்து வந்த குரல் நம் ஊரைப் பற்றிச் சொன்னதைத்தான் நம் ஊர்க்காரர்கள் நம்பினார்கள். 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. புலம்பெயர்ந்தவர்களோ வேறு பாதையில் போனார்கள். 1997-இல் லண்டனில் தொடங்கிய ஐ.பி.சி. தமிழும் அதன்பின் லண்டனிலும் பாரிஸிலும் டொராண்டோவிலும் தோன்றிய நிலையங்களும் நேயர்களை அழைத்து மணிக்கணக்கில் அரசியல் பேசவிட்டன. பேச்சு அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். சார்பு இருந்தது, வசை இருந்தது, அச்சமும் இருந்தது. எனினும், அரசியல் பேச்சு வானொலி என்ற ஒன்று தமிழில் உண்மையாக நடந்தது அங்கேதான். எட்டுக் கோடித் தமிழர் வாழும் தாயகக் கரையில் அன்று.

இங்கே வானொலியில் அரசியல் பேசுவதற்கு உரிமை பெற்ற ஒருவர் இருக்கிறார். 2014 அக்டோபர் 3 முதல், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'மனதின் குரல்' அரசியல் அன்று, ஊக்கவுரை என்று அதன் அன்பர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆட்சியில் இருக்கும் கட்சியின் தலைவர், தேர்தல்களுக்கு நடுவே, தாம் தேர்ந்தெடுத்த கேள்விகளுக்குத் தாமே விடை சொல்வதை ஊக்கம் என்று சொல்வதா அரசியல் என்று சொல்வதா என்பதில் எங்களுக்குக் குழப்பமில்லை. அவர் வானொலியைத் தேர்ந்தெடுத்ததை நாங்கள் குறையாகவே சொல்லவில்லை. ஒரு மனிதக் குரலின் வலிமையை இந்த நாட்டில் சரியாகப் புரிந்துகொண்ட அரசியல்வாதி அவர். நூறாவது பகுதி 2023 ஏப்ரல் 30 அன்று ஒலிபரப்பானது. அதையொட்டி ரோத்தக் இந்திய மேலாண்மைக் கழகம் நடத்திய ஆய்வு ஒன்று 23 கோடிப் பேர் தவறாமல் கேட்கிறார்கள் என்றது. அதே ஆய்வில் யாரும் அதிகம் எடுத்துச் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு: அதை வானொலியில் கேட்பவர்கள் 17.6 விழுக்காடு மட்டுமே, தொலைக்காட்சியில் 44.7, கைபேசியில் 37.6. வானொலியை ஒற்றைக் குரலுக்கு ஒதுக்கிவைத்தால் வானொலியில் கேட்கவும் ஆள் குறைந்துபோகிறது என்று நாங்கள் அதைப் படிக்கிறோம்.

மற்றவர்களுக்குத் தேர்தல் நேரத்தில் சில நிமிடங்கள். 1977 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அகில இந்திய வானொலியில் நேரம் ஒதுக்கப்படுகிறது. நல்ல மரபு. ஆனால் உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து வகுப்புவாத, எதேச்சாதிகார ஆட்சி என்று பொருள்படும் சொற்களையும் கொடுஞ்சட்டங்கள் என்பதையும் நீக்கச் சொன்னார்கள். திவால் என்பதற்குப் பதில் தோல்வி என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் கட்சியின் ஜி. தேவராஜனிடம் முஸ்லிம்கள் என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணைய விதிகளின்படி எல்லோருக்கும் இப்படித்தான் என்பது விளக்கம். எல்லோருக்கும் என்றால், மாதந்தோறும் பேசுபவரின் உரையில் எந்தச் சொல்லை எடுக்கச் சொன்னார்கள் என்று அறிய ஆவல்.

1966-இல் சந்தா குழு வானொலிக்குத் தன்னாட்சி வேண்டும் என்றது. நெருக்கடி நிலையின்போது மக்கள் அதற்கு 'ஆல் இந்திரா ரேடியோ' என்று பெயர் வைத்துக் காட்டினார்கள். 1978-இல் வர்கீஸ் குழு மறுபடியும் சொன்னது. 1990-இல் சட்டம் வந்து 1997-இல் பிரசார் பாரதி பிறந்தது. இதற்கிடையே 1995-இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகமும் அல்ல, தனியாரின் ஏகபோகமும் அல்ல என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகு, 2023 மே மாதத்தில் இனி எங்கும் 'ஆகாஷ்வாணி' என்ற பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழகக் கட்சிகள் கொதித்தன. கொதித்தது சரியே, பெயர் நமக்கும் முக்கியம்தான். ஆனால் அதே 2023 செப்டம்பரில், தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தபோது, அதை நிறைவேற்று என்று கேட்டு எந்தக் கட்சி ஊர்வலம் போனது? நிலையத்தின் வாசற்பலகைக்காகச் சண்டையிட்டோம். உள்ளே யார் பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். அது நம் நண்பர்களிடமிருந்தே வருகிறது. சிற்றிதழ்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும், எங்கள் மதிப்புக்குரிய நண்பர்கள். "வானொலியில் அரசியல் பேசவிட்டால் அமெரிக்கா கதிதான்; இந்த மௌனமே மேல்" என்கிறார்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? ஒலிபரப்பு உரிமம் பெற்றவர்கள் சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற நியாய விதி 1949-இல் வந்தது. 1987 ஆகஸ்டில் அதைக் கைவிட்டார்கள். 1988 ஆகஸ்ட் 1 அன்று ரஷ் லிம்பா நாடு தழுவிய ஒலிபரப்பைத் தொடங்கினார். நாளுக்கு மூன்று மணி நேரம், அறுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள். பாட்டுக் கேட்பவர்கள் பண்பலைக்கு ஓடிவிட்டதால் காலியாகக் கிடந்த மத்திய அலை நிலையங்களுக்குச் செலவில்லாத சரக்கு அது. 1994-இல் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சியினர் அவரைக் கௌரவ உறுப்பினராகக் கொண்டாடினார்கள். 2020-இல் நாட்டின் உயரிய விருதொன்றை டிரம்ப் அவருக்கு வழங்கினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார். அவர் விதைத்த வெறுப்பை நாங்கள் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் எது அவரை உருவாக்கியது? நேயர்கள் பேசியதா? நேயர்கள் வடிகட்டப்பட்டார்கள். அழைத்தவர்களில் பெரும்பாலோர் 'அதேதான், அதேதான்' என்று சொல்ல அழைத்தவர்கள். அப்படியே ஒரு பட்டப்பெயரையும் பெருமையோடு சூட்டிக்கொண்டவர்கள். மறுமொழிக்கான விதியை எடுத்துவிட்டு ஒலிவாங்கியை ஒருவர் கையில் கொடுத்ததன் விளைவு லிம்பா. மறுமொழி இல்லாத ஒற்றைக் குரலுக்கு அஞ்சுகிற நண்பர்கள், அதே ஒற்றைக் குரலை அரசு வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எண்ணுவது எப்படி?

ருவாண்டாவைச் சொல்வார்கள். 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். நிலையம் மறு ஆண்டின் இனப்படுகொலைக்கு ஆள் திரட்டியது உண்மை. அதன் நிறுவனர்களைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்ததும் உண்மை. ஆனால் அந்நிலையம் அதிகார வட்டத்தின் செல்லப்பிள்ளை. அதற்கு முன்பே, 1992 மார்ச்சில், புகெசேரா படுகொலைக்குத் தூண்டிய பொய் அறிக்கையை ஒலிபரப்பியது அந்நாட்டின் அரசு வானொலி. அரசின் கையில் இருக்கும் வரை வானொலி சாது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டாம்.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் இருக்க, அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஏன் போக வேண்டும்? பிரெஞ்சு மரபு என்று மஞ்சள் சுவர்களையும் காவலர்களின் சிவப்புத் தொப்பியையும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். பிரான்சிலும் 1945 முதல் வானொலி அரசின் ஏகபோகம். அப்போது அங்கே 'ஐரோப்பா 1'-உம் லக்ஸம்பர்க் வானொலியும் என்ன செய்தன? ஒலிபரப்புக் கோபுரங்களை எல்லைக்கு வெளியே, ஜெர்மனியின் சார்லாந்திலும் லக்ஸம்பர்கிலும் நிறுத்திக்கொண்டு உள்ளே பேசின. ('இந்தியா' பத்திரிகையின் அதே உத்தி. நாம் முன்னோடிகள்.) 1968 மே மாதத்தில் பாரிஸ் தெருக்களில் நடந்ததை மக்கள் அவற்றின் வழியாகவே கேட்டார்கள். பிறகு திருட்டு வானொலிகள் கிளம்பின. 1979-இல் சோஷலிஸ்டுக் கட்சியே தன் அலுவலகத்திலிருந்து சட்டத்தை மீறி ஒலிபரப்பியது. காவல்துறை உள்ளே நுழைந்தது. மித்தரான் மீதே வழக்குப் பாய்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் குடியரசுத் தலைவரானார், 1981 நவம்பரில் அந்த ஏகபோகத்தை உடைத்தார். உடைத்தபின் எல்லாம் பொற்காலம் ஆகிவிடவில்லை. 1984-இல் விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்ததும் பல சுதந்திர வானொலிகளைப் பாட்டு வலையமைப்புகள் விழுங்கின. அங்கே பேச்சு முதலில் வந்து வணிகம் பிறகு வந்தது. இங்கே வணிகம் முதலில் வந்தது; பேச்சு இன்னும் வரிசையில் நிற்கிறது.

யூடியூபில்தான் எல்லோரும் பேசுகிறார்களே, வானொலி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பேசுகிறார்கள். அங்கே எதிர்த்தரப்பு அழைத்துக் குறுக்கிட முடியாது. கீழே வந்து வசைபாட மட்டுமே முடியும். மேலும், தெருவுக்குத் தெரு வேறு வேறு ஆளைக் கேட்கும் இடத்தில் ஊர் என்ற ஒன்று தன்னோடு தானே பேசிக்கொள்வது நடப்பதில்லை. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

வேண்டியது அதிகமில்லை. தனியார் நிலையங்களின் தடை நீங்க டெல்லி மனம் வைக்க வேண்டும். ஆனால் கோரிமேட்டில் இருக்கும் புதுச்சேரி வானொலி நிலையத்துக்கு அந்தத் தடையே கிடையாது. செய்தி சொல்லவும் நடப்பு விஷயம் பேசவும் சட்டப்படி உரிமையுள்ள நிலையம் அது. வாரத்தில் ஒரு மணி நேரம், நேரலையில், ஓர் அமைச்சர் அல்லது சட்டமன்ற உறுப்பினர், ஓர் அதிகாரி, ஓர் எதிர்க்கட்சிக்காரர், திறந்த தொலைபேசி. வசைச் சொல் வந்தால் வெட்டுவதற்குச் சில நொடி தாமதம் வைத்துக்கொள்ளட்டும். அழைப்பவர்களை வடிகட்டுவதில்லை என்ற உறுதி மட்டும் வேண்டும். ஐந்து ஆண்டுகள் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் மாறி மாறி மோதிக்கொண்டதைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் பார்த்த ஊர் இது. நியாயவிலைக் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்து 2024 அக்டோபரில் திறந்த ஊர். மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானம் போடும் ஊர். பேச விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்றைச் சொல்கிறோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடிவதற்குள், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கடலூர் மூழ்கியது, பாகூர் கொம்யூன் கிராமங்களும் மூழ்கின. முறையான எச்சரிக்கை இல்லை என்று தமிழக எதிர்க்கட்சிகள் சொல்லின; ஐந்து முறை எச்சரித்தோம் என்று தமிழக அரசு சொல்லியது. அந்த வாதம் சென்னையில் நடந்தது. அணை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, பாகூர்க்காரர் ஓட்டுப் போடுவது புதுச்சேரியில். அவருக்கு அந்த வாதத்தில் நாற்காலி இல்லை. இரு மாநிலத்திலும் ஒருசேரக் கேட்கும் ஒலிபரப்பு கோரிமேட்டில் இருக்கிறது. நெற்பயிரில் புகையான் விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று வேளாண் அலுவலரிடம் கேட்க விவசாயிகளுக்குத் தொலைபேசியைத் திறந்துவிடுவது அகில இந்திய வானொலியின் பழைய வழக்கம். அதே தொலைபேசியில், அணை திறக்கப்போகிறது என்ற தகவல் புதுச்சேரியில் யார் மேசைக்கு எத்தனை மணிக்கு வந்தது, அங்கிருந்து என் ஊருக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பாகூர் விவசாயி கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியவரை எதிரே உட்கார வையுங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.